பழைய பிக்அப்பில் கியர் ஆயில் ஒழுக்கு: மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் மெக்கானிக் அல்ல. கோத்தகிரிப் பக்கத்தில் பழைய பிக்அப் ஒன்றை வைத்துக்கொண்டு காரட்டும் முட்டைக்கோஸும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறவன். அந்த வண்டிக்கு அடியில் நான் படுத்துக் கிடந்த நேரத்தைக் கூட்டினால் சில மாதங்கள் தேறும். அக்கம்பக்கத்து ஊர்களில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் கறை. அது கியர் ஆயில்தான் என்று எப்படித் தெரியும்?

இரவில் ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்துவிட்டுப் படுங்கள். முன்பக்கம் எது என்று அட்டையில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் எடுத்துப் பார்க்கும்போது அது பெரிய உதவி.

டீசல் எஞ்சினின் ஆயில் கன்னங்கரேல் என்றிருக்கும். மாற்றிச் சில நாள் ஆனாலே கறுத்துவிடும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி. புதிதாக இருந்தால் தேன் நிறம், பழையதானால் காப்பித்தண்ணீர் நிறம். இரண்டையும் பிரித்துச் சொல்வது மூக்குதான். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. கெட்ட முட்டையையும் பூண்டையும் சேர்த்து அரைத்ததுபோல் ஒரு வாடை வரும். ஒருமுறை கையில் பட்டுவிட்டால் இரண்டு வேளைச் சோற்றிலும் அந்த வாடை இருக்கும், மறக்க மாட்டீர்கள்.

நீர்த்தும் வழுவழுப்பாகவும் இருந்து, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் மிதக்காமல் கரைந்துபோனால் அது பிரேக் ஆயில். கிளச்சும் ஹைட்ராலிக் ஆக இருந்தால் அதன் சிலிண்டரிலிருந்தும் இதே ஆயில் வரும்; அந்தச் சிலிண்டர் கிளச் ஹவுசிங்கை, அதாவது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளச்சை மூடியிருக்கும் கூட்டை, ஒட்டியே இருப்பதால் பலரும் கியர் பாக்ஸைக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள். பிரேக் ஆயில் என்று தெரிந்தால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். மலையில் இறங்குகிற வண்டிக்கு அதில் விளையாட்டே கூடாது.

இணையத்தில் பார்த்தால் கியர் பாக்ஸ் ஆயில் சிவப்பாக இருக்கும் என்கிறார்களே?

அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு. அமெரிக்கப் பிக்அப்களில் பெரும்பாலும் அதுதான். அந்த ஊர்க் குறிப்புகளை அப்படியே நம் வண்டிக்குப் பொருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். நம் ஊர்ப் பழைய பிக்அப்களில் இருப்பது கையால் போடும் கியர். அடியில் சிவப்பாகச் சொட்டினால் முதலில் பவர் ஸ்டியரிங்கைச் சந்தேகியுங்கள். கையால் போடும் கியர் பாக்ஸ் சிலவற்றுக்கும் அந்தச் சிவப்பு ஆயிலையே ஊற்றச் சொல்லியிருப்பார்கள் என்பதால், வண்டிக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதானே ஒழுக்கு இருக்கும்?

இல்லை. இந்த ஒரு நினைப்பினால்தான் மலையில் பாதிப் பேருடைய பணம் வீணாகிறது.

ஒழுகும் ஆயில் உடனே கீழே விழுந்துவிடாது. கியர் பாக்ஸின் உடம்பை ஒட்டிக்கொண்டே வழிந்து, தாழ்ந்த மூலை எதுவோ அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சொட்டும். சமவெளியில் தாழ்ந்த மூலை என்றும் ஒன்றுதான். இங்கே அப்படியா? நம் ஊர்களில் முற்றம் என்பதே சரிவு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் ஆயில் பின்னால் வழிந்து வால் பக்கம் சொட்டும்; மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் அதே ஆயில் முன்னால் வந்து கிளச் ஹவுசிங்கில் சொட்டும். ஒழுகும் இடம் ஒன்றே. ஆனால் திங்கட்கிழமை பார்த்த மெக்கானிக் பின் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம்) என்பார், வியாழக்கிழமை பார்த்தவர் முன் சீல் என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை, வண்டி நின்ற விதம்தான் வேறு.

சரிவு இன்னொன்றும் செய்யும். வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும்போது உள்ளே உள்ள ஆயிலும் பின்னால் தேங்கும். சமதரையில் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிற பின் சீல் அப்போது ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். சீல் லேசாகத் தேய்ந்திருந்தால் சமதரையில் சொட்டே விழாது, வீட்டு வாசலில் மட்டும் விழும். “பட்டறையில் நிறுத்தினால் சொட்டுவதில்லை, வீட்டுக்கு வந்தால் சொட்டுகிறது” என்று ஒரு நண்பர் வண்டிக்குத் திருஷ்டி சுற்றும் அளவுக்குப் போய்விட்டார். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள் என்றேன். நின்றுவிட்டது. குறை தீரவில்லை, ஆனால் எங்கே குறை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆகவே இரண்டு இரவு சோதியுங்கள், ஒரு இரவு மூக்கை மேலே வைத்து, மறு இரவு கீழே வைத்து. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை?

கழுவ வேண்டும். பல ஆண்டு ஆயிலும் கோத்தகிரிச் செம்மண்ணும் சேர்ந்து விரற்கடைக் கனத்துக்குப் படிந்திருக்கும் கியர் பாக்ஸைப் பார்த்து எந்த மேதையாலும் எதுவும் சொல்ல முடியாது. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், சூடான கியர் பாக்ஸில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். கிண்டல் இல்லை, இதைவிட மலிவான கருவி கிடையாது. பிறகு ஒரு ஐந்தாறு கிலோமீட்டர், கொஞ்சம் ஏற்றமும் இருக்கும்படி ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் நனைந்த இடம் கோடு கிழித்ததுபோல் தெரியும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். எனவே நனைந்த இடங்களில் எது மிக மேலே இருக்கிறது, எது மிக முன்னே இருக்கிறது என்று தேடுங்கள். ஊற்று அங்கேதான். மற்றதெல்லாம் அது ஓடிய வழி.

மழைநாளில் இந்தச் சோதனை பலிக்காது. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வெயில் ஒரு நாள் வரும்வரை காத்திருங்கள்.

எந்தெந்த இடங்களில் வழக்கமாக ஒழுகும்?

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். அடியில் ஆயிலை இறக்கும் துளையை மூடும் டிரெய்ன் பிளக்கின் காப்பர் வாஷர்; ஒவ்வொரு முறையும் பழையதையே மாட்டினால் அது நசுங்கி ஒழுகும், விலை ஒரு டீக்காசு. அப்புறம் ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்து ரப்பர் வளையம், கியர் கம்பி இறங்கும் மேல்மூடியின் பேக்கிங். மேல்மூடி ஒழுகினால் நான்கு பக்கமும் வழிந்து, பெட்டி முழுதும் ஓட்டை என்று தோன்றும்.

கடைசியாகப் பின் சீல். அது ஒழுகினால் அடையாளம் வேறு விதம். கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் சுழலும் ஷாஃப்ட் ஆயிலை வாரி இறைக்கும். எனவே வண்டித் தளத்தின் அடியில் குறுக்கே ஒரு பட்டைபோல் தெளித்திருக்கும். அந்தப் பட்டையைக் கண்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கிளச் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டுகிறது. எஞ்சினா, கியர் பாக்ஸா?

எஞ்சினின் பின்பக்கச் சீல் போனாலும், கியர் பாக்ஸின் முன் சீல் போனாலும் இரண்டும் ஒரே கூட்டுக்குள் வழிந்து ஒரே ஓட்டை வழியாக வரும். சொட்டின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். கிளச் பிளேட் பொடி கலந்து கியர் ஆயிலும் கறுத்துப்போவதுண்டு, அதனால் மூக்கை நம்புங்கள். அதுவும் போதவில்லை என்றால் இரண்டின் மட்டத்தையும் குறித்துவைத்து, பத்து நாள் கழித்து எது குறைந்தது என்று பாருங்கள்.

எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கூலிதான் பெரிய செலவு, சீல் சில்லறை. இறக்கிய கையோடு இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். கிளச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். கிளச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் கழுவி மாட்டுவது நாலு நாளைக்குத்தான். மூன்றாம் கியரில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடவில்லை என்றால் ஏற்கெனவே ஊறிவிட்டது என்று அர்த்தம்.

சீல் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மறுபடி ஒழுகுகிறது. மட்டமான சீலா?

இருக்கலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

என் வண்டியில் பின் சீலை ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் மண்டியிலிருந்து ஏறி வந்த மறுநாளே ஈரம். பட்டறைக்காரர் சீலைத் திட்டினார், நான் பட்டறைக்காரரை மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் முறை ஒரு வயதான லாரி மெக்கானிக் கியர் பாக்ஸின் உச்சியைத் துணியால் துடைத்து, சுண்டுவிரல் நுனி அளவு இருந்த மூடியைக் காட்டினார். பிரீதர். கியர் பாக்ஸ் மூச்சுவிடும் துளை. மண்ணும் ஆயிலும் சேர்ந்து சிமென்ட் பூசியதுபோல் அடைத்திருந்தது.

இது சமவெளியிலும் கெடுதல், மலையில் இரட்டிப்புக் கெடுதல். ஓடும்போது பெட்டிக்குள் ஆயிலும் காற்றும் சூடாகும், காற்று விரியும். அது ஒன்று. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே அடைத்துக்கொண்ட காற்று மேலே வரும்போது, உள்ளிருந்து தள்ளும் வேகம் கூடுகிறது, வெளியிலிருந்து தாங்கிப்பிடிக்கும் அழுத்தம் குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் மலையேறினால் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கியர் பாக்ஸ் கெட்டி உலோகம், உப்ப முடியாது; அதனால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வருகிறது. அங்கே எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. ஏறி வந்து அரை மணி கழித்து, துணியை வைத்து மூடிக்கொண்டு ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். புஸ் என்று காற்று வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதினால் முடிந்தது வேலை. என் வண்டியில் அன்றைக்குப் பிறகு அதே சீல் நான்கு ஆண்டு ஓடியது.

பிரீதர் சுத்தமாக இருந்தும் ஒழுகினால் அடுத்த சந்தேகம் ஷாஃப்ட். சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தை அடைக்காது. அதே நேரம் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்தோ பேரிங் தளர்ந்தோ ஆடினால், ஆட்டம் இருக்கும்வரை சீலுக்கு ஆயுள் கிடையாது. சீலைச் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி இறக்கியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். சரியான அளவுக் குழாய்த்துண்டை வைத்துச் சமமாக இறக்க வேண்டும், உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும், ஸ்பிரிங் வளையம் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

எங்களுடையது பழைய ஃபோர் வீல் ஜீப். கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லையே?

பக்கத்து டிரான்ஸ்ஃபர் கேஸின், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின், ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். அங்கே ஆயில் வழிந்து கொட்டினால் களவு போன பொருள் கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குக் குடிபெயரும். பழைய ஜீப்களில் இது ஊரறிந்த நோய்.

அதைவிட முக்கியமான ஒன்று. பழைய ஜீப் வகைகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. அங்கே சீல் ஒழுகினால் ஆயில் நேராக லைனிங்கில் ஊறும். கைப்பிரேக்கை இழுத்தால் இழுபடும், ஆனால் பிடிக்காது. வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இதை இன்றே பாருங்கள்.

மட்டம் எப்படிப் பார்ப்பது?

சமதரையில். அது கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். பெட்ரோல் பங்க், தேயிலைத் தொழிற்சாலையின் எடைமேடைப் பக்கம் என்று எங்காவது தேடுங்கள். வண்டி சற்று ஆறிய பிறகு பக்கவாட்டு ஃபில்லர் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை விட்டால், துளையின் கீழ்விளிம்புவரை ஆயில் தொட வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்து, குறைவு என்று நினைத்து ஊற்றியவர்கள் பலர். அதிகம் ஊற்றினாலும் ஒழுகும், அதைப் பார்த்துச் சீலை மாற்றுவார்கள்.

எவ்வளவு சொட்டினால் பயப்பட வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சொட்டு. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 50 முதல் 70 மில்லி. முப்பது நாளில் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர். சிறிய பிக்அப்பின் கியர் பாக்ஸில் மொத்தமே அவ்வளவுதான் இருக்கும்.

இரவுக்கு இரண்டு சொட்டு என்றால் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்துக்கொண்டு காலம் தள்ளலாம். ஆனால் ஆயில் பாதியாகிவிட்ட வண்டியைச் சமவெளிபோல் நினைத்து மலையில் ஓட்டாதீர்கள். ஏற்றத்தில் இருக்கிற ஆயிலும் பின்னால் போய்விடும். முன் பேரிங் உலர்ந்து ஓடும், அதுவும் பாரத்தோடு, சின்னக் கியரில், மணிக்கணக்கில். நியூட்ரலில் ஒரு முனகல் கேட்டு, கிளச்சை மிதித்ததும் நின்றால் அந்தப் பேரிங் பேசத் தொடங்கிவிட்டது. ஆயிலை இறக்கும்போது பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வழக்கமானது. விரலில் குத்தும் துணுக்கு வந்தால் சீலோடு வேலை முடியாது. பாலும் டீயும் கலந்த நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்கிறார்களே? கெட்டியான ஆயில் போட்டால்?

அந்த மருந்து காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். சில மாதம் தள்ளலாம். தேய்ந்த உதட்டையோ பள்ளம் விழுந்த ஷாஃப்டையோ அது ஒன்றும் செய்யாது.

கெட்டி ஆயில் வேண்டாம். ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் முதல் கியர் போட இரண்டு கையும் வேண்டியிருக்கும். கையேட்டில் கெட்டித்தன்மை எண் 80டபிள்யூ-90 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். தர வகை ஜிஎல்-4 என்று சொல்லியிருக்கும் பெட்டியில், விலை கூடுதல் என்பதற்காக ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கு ஏற்ற அதன் கந்தகச் சேர்மானம், கியர் பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

அடியில் படுக்கும் முன்?

ஜாக்கியை நம்பி யாரும் படுக்கக்கூடாது. கெட்டியான ஸ்டாண்ட் வையுங்கள், நான்கு சக்கரத்துக்கும் கட்டை அல்லது கல் வையுங்கள். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஷாஃப்டைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் அந்தக் கியரும் சக்கரத்தைப் பிடிக்காது. நான் மேலே சொன்ன டிரம் கைப்பிரேக்கும் பிடிக்காது. சரிவில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்வது? தேயிலைச் செடி ஓரம் ஊற்றினால் களை வராது என்கிறார்கள்.

களை வராது, அப்புறம் எதுவுமே வராது. குன்னூர் ஆறும் பவானியில்தான் கலக்கிறது. நம் ஓடையில் ஊற்றியது கீழே போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிப் போகிறவர்களிடம் பட்டறை வழியாகக் கொடுங்கள்.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முதல் நாள் நன்றாகக் கழுவிக் கொண்டுபோனால் தப்பித்துவிடலாம் அல்லவா?

எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுக்கு ஒருமுறை. கழுவிக்கொண்டு போய் ஒருமுறை நானும் தப்பித்திருக்கிறேன். திரும்பி வரும் ஏற்றத்திலேயே சொட்டத் தொடங்கிவிட்டது. கழுவுவது என்று முடிவுசெய்துவிட்டால் பவுடர் டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியே உங்கள் சோதனை ஓட்டமாகிவிடும்.